கொலம்பஸில் கடைசி சீட்டைப் பிடியுங்கள்

மண்டபம் வருவதற்குச் சற்று முன், ராமேஸ்வரம் சாலையை ஒட்டிய பொட்டலில் இந்தக் கோடைக்கு ஒரு பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள். போஸ்டரில் ‘தீம் பார்க்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதை நம்பி மாற்றுத்துணி, துண்டு சகிதம் கிளம்பிவிடாதீர்கள். ஒரு ஜெயன்ட் வீல், ஊசல் மாதிரி ஆடும் படகான ஒரு கொலம்பஸ், பிரேக் டான்ஸ், டாஷிங் கார், மரணக்கிணறு, சின்னப் பிள்ளைகளுக்கு டிராகன் ரயில், சுற்றிலும் வளையல் கடை, பாத்திரக் கடை, அப்பளக் கடை. அவ்வளவுதான். நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். உள்ளே ஒவ்வொன்றுக்கும் 80, 100 என்று தனிச் சீட்டு. நான்கு பேர் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி ஆளுக்கொரு அப்பளமும் தின்றால் 2000 ரூபாய்க்குக் குறையாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் இது பெரிய தொகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் லீவு, கையில்தான் காசு புரளாது. “தொழில் நடக்கும்போது வந்தா இவனுங்க நாலு காசு பார்க்கலாம்ல?” என்று வரும் வழியெல்லாம் அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார். “தொழில் நடந்தா நீங்க கடல்ல கெடப்பீங்க, பிள்ளைகளை யாரு கூட்டிட்டு வர்றது?” என்று மதினி கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான் இந்த விமர்சனம் உங்களுக்கு உதவுமா உதவாதா என்று முடிவு செய்ய முடியும். பாம்பனில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பள்ளியில் என் பெயரே ‘படிப்ஸ்’. வீட்டில் இன்றைக்கும் அதுதான். சின்ன வயதில் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போனால் மற்ற பிள்ளைகள் மரராட்டினத்தில் ஏற அழும். நான் அதைக் கையால் தள்ளுகிறவர் எந்த நேரம் பார்த்துத் தள்ளுகிறார் என்று வாய் பிளந்து நின்று, கூட்டத்தில் தொலைந்து, அம்மாவிடம் அடி வாங்குவேன். இப்போதும் ஒரு ராட்டினத்தைக் கண்டால் என் கண் முதலில் அதன் அடிக்கட்டைக்கும் அச்சுக்கும் போல்ட்டுக்கும்தான் போகும். அப்பளம் எப்படி என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஜெயன்ட் வீல் கிட்டத்தட்ட 60 அடி. மணல் தரையில் குறுக்கும் நெடுக்கும் மரக்கட்டைகளை அடுக்கி, ரசமட்டம் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். சுத்தமான வேலை. ஏற்றிவிடும் பையன் வரிசையில் வந்தவர்களை வரிசையாக ஏற்றுவதில்லை. ஒரு பெட்டியில் நாலு பேரை உட்கார வைத்தான். அடுத்த பெட்டியைத் தொடவே இல்லை. சக்கரத்தைப் பாதி சுற்றி, நேர் எதிரே இருந்த பெட்டியில் அடுத்த நாலு பேரைப் போட்டான். எங்களுக்கு முன்னால் நின்றவர் “நாங்கதானே மொதல்ல வந்தோம்?” என்று சண்டைக்குப் போனார். பையன் அவரையும் அவர் வீட்டம்மாவையும் மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தான். “சார், உங்க வெயிட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னும் ஆள் செட்டாகல. ரெண்டு நிமிஷம்.” அவருக்கு முகம் செத்துவிட்டது. எனக்கோ கைதட்டத் தோன்றியது.

இரண்டு பக்கமும் எடை சரிக்குச் சரியாக இருந்தால், சக்கரத்தைச் சுற்றும் மோட்டார் ஆட்களைத் தூக்கவே வேண்டியதில்லை. ஒரு பக்கம் இறங்குகிறவர்களே மறுபக்கத்தைத் தூக்கிவிடுவார்கள். மோட்டாருக்கு மிச்சம் உராய்வும் காற்றும்தான். ஒரு பக்கம் மட்டும் பாரம் ஏறினால் மோட்டார் முக்கும், நிறுத்தும்போது சக்கரம் தானாக உருளப் பார்க்கும். இதே கணக்கு எங்கள் ஊரில் இன்னும் பெரிதாக நடக்கிறது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த பாம்பன் புதிய ரயில் பாலத்தில், கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும். அது ஏற ஏற, இரண்டு பக்கக் கோபுரங்களிலும் எதிர் எடைகள் இறங்கும். திறப்பு விழாவின்போது எல்லோரும் பாலத்தை வீடியோ எடுத்தார்கள். நான் எதிர் எடையை எடுத்தேன். அதற்கு லைக் போட்டது என் டியூஷன் பிள்ளைகள் மட்டும்தான், அதுவும் தேர்வு நெருங்கியிருந்ததால்.

பாரிஸின் ஈஃபில் கோபுரத்துக்குப் போட்டியாக ஏதாவது வேண்டும் என்று 1893இல் சிகாகோ கண்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் கட்டிய சக்கரம் 264 அடி உயரம். 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர், ஒரே நேரத்தில் 2160 பேர். அதற்கு எப்படி ஆள் பார்த்து ஏற்றியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே மேலே போனேன். உச்சியில் போய் நின்றது.

கொடுத்த காசு மொத்தமும் அங்கேயே வசூலாகிவிடும், சொல்லிவிடுகிறேன். மண்டபம் பக்கம் நிலம் அவ்வளவு ஒடுங்கிக் கிடப்பதால் ஒரே பார்வையில் இரண்டு கடலும் தெரிகிறது. வடக்கே பாக் விரிகுடா, நாங்கள் பெண்கடல் என்போம், தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல், கச்சான் காற்றில் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. கிழக்கே பாலத்தின் கோபுரங்கள். ஒன்பதாவது படிக்கும் அண்ணன் மகள் “அத்தை, இங்கேருந்து இலங்கை தெரியுமா?” என்றாள். 60 அடி உயரத்திலிருந்து தொடுவானம் சுமார் 15 கிலோமீட்டரில் முடிந்துவிடும். தலைமன்னார் கரையைப் பார்க்க வேண்டுமானால் இந்தச் சக்கரம் 300 மீட்டருக்கு மேல் எழும்ப வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் சக்கரம் இறங்க ஆரம்பித்துவிட்டது. “ஆமா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா அத்தை?” என்றாள்.

ஒரு குறை. காற்று எவ்வளவு அடித்தால் சக்கரத்தை நிறுத்த வேண்டும் என்பதற்கு அங்கே எந்தக் கருவியும் இல்லை. டிக்கெட் கவுண்டரின் தார்ப்பாய் படபடத்தால் நிறுத்துகிறார்கள். அண்ணன் இதில் தப்பே இல்லை என்கிறார், அவர் வாழ்நாள் முழுக்கக் காற்றைக் காதால் அளந்தவர். எனக்கு ஒப்பவில்லை. ஒரு காற்றுமானி வாங்கி மாட்ட இவர்களுடைய ஒரு நாள் வசூலில் ஒரு துளி போதும்.

அடுத்தது கொலம்பஸ். நான் போனதே இதற்காகத்தான்.

ஃபைஃபாக்ஸ் என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது, ஜெர்மனியில் ஆகன் நகரப் பல்கலைக்கழகத்தில் செய்தது. போனுக்குள் இருக்கும் முடுக்கமானி என்ன உணர்கிறது என்பதை வரைபடமாகக் காட்டும். போன் மேசையில் சும்மா கிடந்தால் புவியீர்ப்பின் அளவான 9.8 காட்டும். கையிலிருந்து நழுவி விழுகிற அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட சைபர். போனை ஜிப் வைத்த இடுப்புப் பையில் போட்டு, வயிற்றோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள், பக்கத்து ஆளின் மண்டை உடையும்.

நடு சீட்டில் உட்கார்ந்தால், படகு அடிமட்டத்தைக் கடக்கும்போது அளவு 16, 17 வரை போகிறது. அதாவது 60 கிலோ ஆளுக்கு அந்த நொடியில் உடம்பு சுமார் நூறு கிலோ கனக்கும். இரண்டு முனையிலும் ஏறி நிற்கும்போது 6. கடைசி சீட்டில் கதையே வேறு. படகின் ஓரம் நடுவைவிட இன்னும் சரிவாக மேலே போவதால் அங்கே அளவு 3ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. உடம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். அடிவயிறு ஜில்லென்று மேலே வருவது அதனால்தான்: குடலைக் கீழிருந்து தாங்குகிற பிடி தளர்ந்துவிடுகிறது. ஒரே 100 ரூபாய்தான், நடுவில் உட்கார்ந்தால் பாதி அனுபவம், ஓரத்தில் முழுசு. ஓடிப்போய்க் கடைசி சீட்டைப் பிடியுங்கள்.

பின் சீட்டில் இருந்த ஓர் அக்கா, நான் இறங்கியதும் போனை எடுத்து வரைபடத்தைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுக் கேட்டார்: “இங்க வந்தும் கணக்கா? அப்புறம் எப்படிம்மா அனுபவிக்கிறது?” இந்தக் கேள்வியை நான் பிறந்ததிலிருந்து கேட்டுவருகிறேன். மழை பெய்யும்போது, கல்யாண வீட்டில் பாயசம் கொதிக்கும்போது, அலை உடையும்போது. காரணம் தெரிந்துவிட்டால் சுகம் போய்விடும் என்று எல்லோரும் எப்படியோ முடிவு கட்டிவைத்திருக்கிறார்கள். வரைபடம் 3ஐத் தொட்ட அதே நொடியில் நான் போட்ட கூச்சல் மதினியின் கூச்சலைவிடப் பெரிது. அந்த அக்காவே காதைப் பொத்திக்கொண்டார். படிப்ஸ் என்றால் பயப்படாத ஆள் என்று யார் சொன்னது? எவ்வளவுக்குப் பயப்பட வேண்டும் என்று எண்ணோடு தெரிந்துகொண்டு பயப்படுகிறோம், கூடுதலாகவே.

அண்ணன் மகளுக்கு நான் அங்கே செய்வதெல்லாம் மானக்கேடு. வகுப்புத் தோழிகள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே பத்தடி தள்ளி நடந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்த வரைபடத்தை அனுப்பச் சொல்லி வாங்கி, மேலே ஏதோ ஒரு பாட்டைப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தாள். என் பெயர் அதில் இல்லை.

வரைபடத்தில் படகு ஒரு முறை போய்த் திரும்ப 6 விநாடி. ஊசலுக்கு அந்த நேரத்தைத் தீர்மானிப்பது நீளம்; எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பது பெரிதாகக் கணக்கில் வராது. பெரிய வீச்சுக்கான திருத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் தொங்கும் நீளம் சுமார் 8 மீட்டர் வருகிறது. சரியா என்று ஆப்பரேட்டர் தம்பியிடம் கேட்டேன். “அளவெல்லாம் தெரியாதுக்கா. லாரியில வெளிய நீட்டிக்கிட்டுத்தான் வரும், செவப்புத் துணி கட்டுவோம்.” அவர் வேலையைப் பார்ப்பதற்கே தனியாகச் சீட்டுப் போடலாம். படகின் அடியில் ஒரு லாரி டயர் மோட்டாரில் சுழல்கிறது. படகு மேலே வந்து உரசும் சரியான நேரத்தில் லீவரை அழுத்தித் தள்ளிவிடுகிறார். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் தள்ளுவதற்குப் பதில் பிரேக் பிடித்ததுபோல் ஆகிவிடும். அவர் படகைப் பார்க்கவே இல்லை, யாரோ ஒருவரோடு போனில் பேசிக்கொண்டே இடது காலால் பலகையின் அதிர்வைப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தார். ரப்பர் தேயும் நாற்றம் மட்டும் தாங்கவில்லை.

ஆனால் இதே கொலம்பஸில்தான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். என்னைக் கேலி பண்ணிக்கொண்டே ஏறிய அண்ணன் திடீரென்று குனிந்தார். முன் வரிசையில் மடிக்குக் குறுக்கே வரும் கம்பியைப் பூட்டும் இரும்பு வளையத்தில், அதாவது சாக்கிளில், பூட்டு கழன்றுவிடாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் இல்லை. கட்டுக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார்கள்.

“தம்பி, இதுக்குப் பின் எங்க?”

“நேத்து விழுந்துருச்சுண்ணே. கம்பி நல்லா டைட்டாத்தான் இருக்கு.”

“இந்தக் காத்துல கட்டுக்கம்பி எத்தனை நாள் தாங்கும்? பின்னப் போட்டுட்டு ஆள ஏத்து.”

இந்தக் கரையில் இரும்பு என்ன பாடுபடும் என்று பாம்பன் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்கு அரிப்புதான் பெரிய காரணம். புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்டன. உப்பு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் மெல்லிய கம்பி பொடிந்துபோகும். ஆப்பரேட்டர் முகத்தைச் சுளித்தாலும் ஒரு பையனை ஓடவிட்டு, ஹார்லிக்ஸ் டப்பா நிறைய இருந்த பின்களில் ஒன்றைத் தேடி எடுத்துவரச் செய்தார். டப்பா நிறையப் பின் வைத்துக்கொண்டு கம்பி கட்டியிருக்கிறார்கள், அதுதான் எரிச்சல். பத்து நிமிடம் எல்லோரும் காத்திருந்தோம். வரிசையில் நின்றவர்கள் எங்கள் குடும்பத்தையே முறைத்தார்கள். மதினி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “ஒன்னய மட்டும்தான் படிப்ஸுன்னு நெனச்சிருந்தேன்.”

மரணக்கிணறு தவறவே விடக் கூடாதது. இப்போது எல்லா ஊருக்கும் வருவதில்லை. பலகைகளைச் சேர்த்துக் கட்டிய, குறுக்கே சுமார் 30 அடி இருக்கும் கிணறு. நாம் படியேறி மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு பையன் சுவர் முழுக்கக் காய்ந்த துணியால் துடைத்தான். சாயங்காலத்து உப்பு ஈரம் பலகையில் படிந்தால் டயருக்குப் பிடி கிடைக்காது. பிறகு சைலன்சர் கழற்றிய பழைய ஆர்எக்ஸ் 100 வண்டி, அடியில் உள்ள சரிவில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சுவரில் ஏறியது. கிணறே ஆடியது. பெட்ரோல் வாடை நெஞ்சை அடைத்தது. ஓட்டியவருக்கு இருபது வயதுதான் இருக்கும். இரண்டு கையையும் விட்டுவிட்டு, மேலே நீட்டிய பத்து ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு போனார்.

ஒரு சுற்றுக்கு 3 விநாடி. அப்படியானால் வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்தான், நம்மூர் ஷேர் ஆட்டோவைவிடக் குறைவு. அந்த வேகத்தில் அந்த வட்டத்தில் சுற்றினால் சுவர் அவரை ஏறக்குறைய அவர் எடையின் இரண்டு மடங்கு விசையில் உள்ளே தள்ளும். அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் வண்டியைக் கீழே விழாமல் பிடிக்கிறது. வேகம் குறைந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் பிடி போகும். புத்தகத்தில் இதை நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். ஆட்டம் முடிந்து அவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எவ்வளவு வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். “மீட்டரே கெடையாதுக்கா. இன்ஜின் சத்தம் எறங்குனா முறுக்கணும், அம்புட்டுதான்.” கணக்கை அவரிடம் சொன்னேன். கையில் டீயோடு பொறுமையாகக் கேட்டார். “முப்பத்தி நாலா? நூறுன்னுல்ல மைக்ல சொல்றாங்க” என்று சிரித்தார். அதை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். வேகம் கம்மி என்பதால் ஆபத்து கம்மி என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தலையில் ஹெல்மெட் இல்லை.

பிரேக் டான்ஸ்: சுற்றும் தட்டின் மேல் சுற்றும் கூடை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு எது எந்தத் திசை என்றே பிடிபடாது. வெறும் வயிற்றில் ஏறுங்கள். டாஷிங் கார் நன்றாக இருக்கிறது, கூரை வலையில் கம்பி உரசும் இடத்தில் பறக்கும் பொறியைப் பார்க்க இருட்டிய பிறகு போங்கள். மதினி அங்கே வேறு ஆளாகிவிட்டார். இருபது வருடக் கல்யாணக் கணக்கையெல்லாம் அண்ணன் வண்டியில் இடித்துத் தீர்த்துக்கொண்டார். டிராகன் ரயிலில் அண்ணனின் சின்ன மகன் தூங்கிவிட்டான், அதை வைத்து நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பலூன் சுடும் கடையில் காசைத் தொலைக்காதீர்கள். பலூனை அரைகுறையாகத்தான் ஊதியிருக்கிறார்கள், குண்டு பட்டாலும் தொளதொளவென்று விலகிக்கொள்கிறது. வளையம் வீசும் கடையில் வளையத்துக்கும் கட்டைக்கும் இடையே விரல் நுழையாது. வலை வீசிய கை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன அண்ணன் ஒரு சோப்பு டப்பாவோடு திரும்பினார்.

சாப்பாட்டுக்கு வருவோம். டெல்லி அப்பளம் 40 ரூபாய், முகத்தை மறைக்கும் அளவு, மிளகாய்த்தூள் தாராளம். வாங்கிய இடத்திலேயே நின்று தின்றுவிடுங்கள். பேசிக்கொண்டே நடந்தால் இந்தக் கடற்காற்றில் ஐந்து நிமிடத்தில் நமத்துப்போகும். பஞ்சுமிட்டாய் வெள்ளையாகத்தான் கிடைக்கிறது. ரோடமைன் பி சாயம் கலந்ததைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்த பிறகு ரோஸ் நிறத்தைக் காணவில்லை. நல்லதுதான், நாக்குச் சிவக்கவில்லை என்று சின்னவன்தான் அழுதான். மிளகாய் பஜ்ஜி இரண்டாவது கடையில் வாங்குங்கள். முதல் கடை எண்ணெயின் நிறத்தை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ராமநாதபுரத்துக் கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும். வார நாளில் நாலரைக்கு உள்ளே போனால் வீலில் சூரியன் இறங்குவதற்குள் ஏறிவிடலாம், இருட்டியதும் டாஷிங் கார், கடைசியாக மரணக்கிணறு. ஸ்பீக்கர் பக்கம் உட்காராதீர்கள், காணாமல்போன பிள்ளைகளின் அறிவிப்பையே பாட்டுக்கு மேல் கத்திச் சொல்கிறார்கள். வண்டி நிறுத்த 20 ரூபாய். தண்ணீர் பாட்டிலை உள்ளே விடுகிறார்கள். கழிப்பறை இருக்கிறது என்று போர்டு இருக்கிறது. வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள்.